மேல்வாசலில் நின்ற பிள்ளை

வாடகைக் கார் அனோஜினியை இறக்கிவிட்டபோது பகல்தான். ஆனாலும் தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. குளிர்காலத்தில் சீனாவின் சோங்சிங் நகரம் அப்படித்தான் இருக்கும் என்று அவள் படித்திருந்தாள். இரண்டு ஆறுகள் சந்திக்கும் மலையூர் அது. ஆறுகளிலிருந்து எழும் மூடுபனி சரிவுகளில் ஏறி, நெருக்கியடித்து நிற்கும் கட்டடங்களின் இடுப்பைச் சுற்றிக்கொள்ளும். சில நாள்களில் அது கலைவதேயில்லை.

அவள் தங்க வேண்டிய கட்டடம் பழையது. கரிபிடித்த சுவர். ஒவ்வொரு பலகணியிலும் காயாத துணிகள். மலைச்சரிவில் கட்டியிருந்ததால் அதற்கு இரண்டு வாசல்கள் இருந்தன. கீழே ஆற்றங்கரைத் தெருவிலிருந்து நுழைந்தால் முதலாம் மாடி. மேல்தெருவிலிருந்து நுழைந்தால் நேரே பதினோராம் மாடி. வீட்டுக்காரி அனுப்பியிருந்த குறிப்பு, மேல்வாசலால் வந்து இரண்டு மாடி கீழே இறங்கச் சொன்னது.

சூட்கேசை இழுத்துக்கொண்டு நடந்தாள். சில்லுகள் ஈரக் கல்லில் கடகடத்தன. நனைந்த கல்லின் மணமும் எங்கோ மிளகாய் எண்ணெய் காய்கிற மணமும் சேர்ந்து மூக்கில் ஏறின. மேல்வாசலின் இரும்புக் கதவை நெருங்கியபோது, சும்மா தொங்கிய அவளுடைய மற்றக் கையின் சின்னவிரலை ஏதோ பற்றியது.

குளிர்ந்த, மிகச் சிறிய பிடி.

குனிந்து பார்த்தாள். யாரும் இல்லை.

வேறு ஒருத்தியென்றால் குளிரில் விரல் விறைத்தது என்று நினைத்திருப்பாள். அனோஜினி கனடாவின் மொன்றியலில் கார்டெரி எனும் பகல்நேரக் காப்பகத்தில் சிறுபிள்ளைகளைப் பார்க்கும் வேலை செய்பவள். பிள்ளைகள் பெரியவர்களின் விரலைப் பிடிக்கும் விதம் அவளுக்குத் தெரியும். கையை உதறினாள். பிடி விட்டுப்போயிற்று.

முப்பத்தாறு வயதில் அவள் முதல் தடவையாகத் தனியே பயணம் வந்திருந்தாள். ஏன் சீனா, ஏன் இந்த ஊர் என்று கணவன் றஜிந்தன் கேட்டபோது, கட்டடத்துக்குள் நுழைந்து வெளியே வரும் ரயிலொன்றை வீடியோவில் பார்த்ததாகச் சொன்னாள். அது பாதி உண்மை. மீதியைச் சொல்லவில்லை. நாலு வருடங்களுக்கு முன் எட்டாம் மாதத்தில் அவளுடைய வயிற்றிலிருந்த மகனின் இதயம் நின்றுபோயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது யாராவது ஒருத்தி அவளுடைய வயிற்றைப் பார்த்துவிட்டு, “என்ன பிள்ளை, விசேஷம் ஒண்டும் இல்லையோ?” என்பாள். யாருக்கும் தன்னைத் தெரியாத, தன் மொழியில் ஆறுதல் சொல்ல ஒருவரும் இல்லாத ஒரு பெரிய ஊரில் சில நாள்கள் நடந்து திரிந்தால் போதும் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது.

வீட்டுக்காரியின் பெயர் லின். ஐம்பதைத் தாண்டியவள், கட்டையாக வெட்டிய தலைமயிர், ஆற்றங்கரைத் தெருவில் நூடில்ஸ் கடையொன்றில் வேலை. அவளுக்குச் சீனம் தவிர வேறொன்றும் தெரியாது. அனோஜினியின் கைபேசியில் மொழிபெயர்ப்புச் செயலி இருந்தது. ஒரு விளையாட்டுக்காக அதில் தமிழைத் தெரிவுசெய்திருந்தாள். லின் பேசி முடித்ததும் கைபேசிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், செய்தி வாசிப்பதுபோல் சொல்லியது:

“வணக்கம். நீங்கள் பாதுகாப்பாக வந்தடைந்ததில் மகிழ்ச்சி. உங்கள் காலணிகளை உயரமான இடத்தில் வையுங்கள். என் மகள் அவற்றை எடுத்து அணிந்துகொள்வாள்.”

அனோஜினிக்குச் சிரிப்பு வந்தது. சப்பாத்தைக் கழற்றிச் சுவர்த்தட்டின் மேல் வைத்தாள். பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கிறாளாக்கும் என்று எண்ணிக்கொண்டாள்.

அன்று பின்னேரம் லின் சாப்பாட்டு மேசையில் மூன்று கிண்ணங்கள் வைத்தாள். மூன்றாவது சின்னது, விளிம்பில் முயல் படம் போட்டது. அதில் காரமில்லாமல் தனியாகக் கொஞ்சம் நூடில்ஸ். இருவரும் சாப்பிடத் தொடங்கினார்கள். மூன்றாவது நாற்காலிக்கு யாரும் வரவில்லை. சன்னலுக்கு வெளியே மூடுபனிக்குள் கப்பலொன்று கரகரத்த குரலில் ஊதியது. 

மேசையின் நடுவே திறந்து கிடந்த கைபேசி திடீரென்று பேசியது.

“அம்மா, இவர் யார்?”

அனோஜினியின் கையிலிருந்த குச்சிகள் நழுவின.

லின் வாயே திறந்திருக்கவில்லை. இப்போதுதான் அவள் மெல்லக் காலி நாற்காலியின் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். கைபேசி அதையும் பிசகாமல் மொழிபெயர்த்தது.

“தொலைவிலிருந்து வந்த அத்தை. மரியாதையாக இரு. சாப்பிடு.”

முயல் கிண்ணத்தில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அந்த ஆவி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, யாரோ ஊதி ஆற்றுவதுபோல்.

அனோஜினி எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். லின் அவளை வியப்பில்லாமல் பார்த்தாள். இப்படி எழுந்து நின்ற விருந்தாளிகள் முன்பும் இருந்திருப்பார்கள். கைபேசியைத் தன் பக்கம் இழுத்து, நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

“அவள் பெயர் யூயூ. ஐந்து வயது. அந்தக் காலத்தில் நான் வேலை முடிந்து கீழ்வாசலால் வருவேன். ஒரு நாள் என்னைத் தேடி மேல்வாசலுக்குப் போய்விட்டாள். வெறுங்காலுடன் போனாள். மூடுபனி. லாரி ஓட்டுநர் அவளைப் பார்க்கவில்லை.”

“எப்ப?” என்று கேட்டாள் அனோஜினி. அவளுடைய குரல் அவளுக்கே கேட்கவில்லை. கைபேசிக்குக் கேட்டது.

“இருபது ஆண்டுகளுக்கு முன்பு. அவள் இன்னும் அங்கேதான் நிற்கிறாள். அதனால் நான் இப்போது கீழ்வாசலைப் பயன்படுத்துவதில்லை. ஒவ்வொரு நாளும் மேலே போய் அவளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன். பயப்படாதீர்கள். அவள் நல்ல பிள்ளை.”

அன்றிரவு அனோஜினி விளக்கை அணைக்காமல் படுத்தாள். விடிந்ததும் ஓட்டலுக்கு மாறிவிடுவதென்று முடிவு செய்தாள். விடிந்தது. சூட்கேசை அடுக்கி வைத்துவிட்டு இடம் பார்க்க மேல்வாசலால் வெளியேறினாள். இரும்புக் கதவடியில் அந்தச் சின்னப் பிடி மறுபடியும் வந்து விரலில் தொற்றியது.

இந்த முறை அவள் உதறவில்லை.

ஏன் உதறவில்லை என்று பிறகு றஜிந்தன் கேட்டபோது அவளால் சரியாகச் சொல்ல முடியவில்லை. பயம் இருந்தது. பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. கார்டெரியில் ஒரு நாளைக்கு எத்தனையோ பிள்ளைகள் அவளுடைய விரலைப் பிடிப்பார்கள். பின்னேரமானதும் ஒவ்வொருவராகத் தாயைக் கண்டதும் விட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். இந்தப் பிடி ஓடவில்லை.

ஓட்டல் தேடப் போனவள் ஓட்டல் தேடவில்லை. கட்டடத்துக்குள் புகுந்து போகும் ரயிலில் ஏறினாள். விரலில் பிடி இருந்தது. ஆற்றுக்கு மேலே கம்பியில் ஊர்ந்து செல்லும் பெட்டியில் நின்று, கீழே ஒன்றும் தெரியாத வெண்மையைப் பார்த்தாள். பிடி இறுகியது, பயந்துவிட்டாள் போல. “ஒண்டுமில்லை பிள்ளை, இந்தா வந்திட்டம்,” என்றாள் தமிழில். பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். தெருவோரத்தில் சர்க்கரைப் பாகில் தோய்த்த சிவப்புப் பழங்களைக் குச்சியில் குத்தி விற்றார்கள். ஒன்று வாங்கிப் பாதியைச் சாப்பிட்டு, மீதியைக் கையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தாள். படிகள் வந்த இடமெல்லாம் நின்று, “கவனம், படி,” என்றாள். பின்னேரம் மேல்வாசலுக்கு வந்ததும் அங்கே லின் நின்றிருப்பாள். பிடி விட்டுப்போகும். லின் கையைச் சற்றுத் தாழ்த்தி, எதையோ பிடித்தபடி முன்னே இறங்குவாள். அனோஜினி பின்னால் போவாள்.

அங்கிருந்த நாளெல்லாம் அப்படியே போயிற்று. அவள் சிரித்தாள்கூட. நாலு வருடமாகக் காணாமற்போயிருந்த சிரிப்பு.

புறப்படும் நாள் காலை லின் வேலைக்குப் போய்விட்டாள். விடைபெற்றது முதல் நாளே. அனோஜினி சூட்கேசுடன் மேல்வாசலுக்கு வந்தாள். வாடகைக் கார் காத்து நின்றது. பிடி வழக்கம்போல வந்து விரலில் தொற்றியது. அவள் நின்றாள். இப்போது கையை விடுவித்துக்கொண்டு காரில் ஏற வேண்டும். பின்னேரம் லின் வரும்வரை பிள்ளை இந்தக் கதவடியில் தனியே நிற்கும். இருபது வருடமாக நிற்கிறது.

அவள் குனிந்தாள்.

“வாறியா?” என்று கேட்டாள். “என்னோட வா.”

சீனப் பிள்ளைக்குத் தமிழ் விளங்கியிராது என்றுதான் பிறகு எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் பிடி இறுகியது.

விமானத்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அதன் பட்டியை அவள் எடுத்துப் பூட்டிவிட்டாள்.

மொன்றியலில் பனி முழங்காலளவு கிடந்தது. அவர்களுடைய வீடு ரொக்ஸ்பரோவில், ரயில் நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. முதல் சில நாள்கள் அவளுக்குப் பெரிய சந்தோசம். சமைக்கும்போது கதைத்தாள். சின்னக் கிண்ணமொன்று வாங்கினாள். றஜிந்தன் பேக்கரி லொறி ஓட்டுபவன். விடியமுன் போய் மத்தியானத்துக்குப் பிறகு வருவான். பயணம் நல்லது செய்திருக்கிறது என்று நினைத்தானோ என்னவோ, ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு கார்டெரியில் அது நடந்தது.

பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகும்போது ஒரு நீண்ட கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் செய்வார்கள். கயிற்றில் இரண்டு பக்கமும் வளையங்கள் இருக்கும். பிள்ளைக்கு ஒரு வளையம். அனோஜினி முன்னால் நடந்தாள். பனிச்சட்டைக்குள் உருண்டைகளாகப் பிள்ளைகள் பின்னால் வந்தார்கள். தெரு திரும்பும் இடத்தில் எல்லோரும் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

கடைசி வளையத்தை யாரும் பிடித்திருக்கவில்லை.

அது தொங்கவில்லை. இழுத்துப் பிடித்தாற்போல் விறைப்பாக நின்றது.

அதற்கு முன் வளையத்தைப் பிடித்திருந்த எமில் என்ற பையன் பின்னால் பார்த்துவிட்டு, சளி ஒழுகும் மூக்குடன் பிரெஞ்சில் சொன்னான்: “அனோ, இந்தப் பிள்ளைக்குச் சப்பாத்து இல்லை. இவள் அழுகிறாள்.”

அழுகிறாள் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியில் லின்னிடமிருந்து குரல் செய்தி வந்தது. காதில் வைத்தாள். முதலில் சீனம், மிகத் தாழ்ந்த குரலில். பின்னர் செய்தி வாசிக்கும் பெண்ணின் தமிழ்.

“நீங்கள் போன நாளிலிருந்து யூயூ வாசலில் இல்லை. வீட்டிலும் இல்லை. மழையிலும் நான் அங்கே நின்றேன். அவள் உங்களுடன் வந்தாளா?”

பஸ் இரண்டு தரிப்பிடங்கள் தாண்டியது. அனோஜினி ஒற்றைச் சொல்லில் பதில் எழுதினாள்.

“இல்லை.”

அன்றிலிருந்து வீடு மாறிப்போயிற்று.

லின் வேலை முடிந்து மேல்வாசலுக்கு வரும் நேரம் மொன்றியலில் விடிகாலை. அந்த நேரத்தில் முன்கதவு தட்டுப்படத் தொடங்கியது. பலமாக இல்லை. உள்ளங்கையால் தட்டுவதுபோல், தாழ்வான இடத்தில்.

உள்ளே இருந்து.

அனோஜினி எழுந்து போய்க் கதவடியில் குந்தினாள். ஈரக் கல்லின் மணமும் மிளகாய் எண்ணெயின் மணமும் அங்கே கனத்துக் கிடந்தன. “இஞ்ச வா பிள்ளை. அம்மா இஞ்ச இருக்கிறன்,” என்றாள். அந்தச் சொல்லைத் தன் வாயால் சொன்னதும் அவளுக்கே உடம்பு கூசியது.

தட்டுவது நின்றது.

காத்திருந்தாள். விரலை நீட்டினாள். ஒன்றும் வந்து பற்றவில்லை. மீண்டும் கதவு தட்டுப்பட்டது. தட், தட், தட்.

வெளியே மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது. கதவின் கண்ணாடியில் பனி விழுவது தெரிந்தது. அப்போது அந்தக் கண்ணாடியில், தன் முகத்துக்குக் கீழே இன்னொரு முகத்தை அவள் கண்டாள். நெற்றியில் வெட்டிய மயிர். நீலம் பாரித்த உதடு. கண்கள் அவளைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்தன. பனிக்குள்ளே வருகிறவர் போகிறவர் ஒவ்வொருவரையும் பார்த்து, இது இல்லை, இதுவும் இல்லை என்று தேடிக்கொண்டிருந்தன.

அனோஜினி கத்தவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு அங்கேயே இருந்தாள்.

“அனோ.”

றஜிந்தன் படியில் நின்றான். அன்று அவனுக்கு லீவு. கையில் ஒரு துடைக்கும் துணி இருந்தது.

“தள்ளியிரும்,” என்றான் மெதுவாக. “அதில ஈரம்.”

குனிந்து நிலத்தைத் துடைத்தான். அப்போதுதான் அவள் பார்த்தாள். கதவடி மரத்தரையில், அவளுடைய கையளவே உள்ள சின்னக் கால் தடங்கள். வெறுங்கால்கள். கதவை நோக்கியே எல்லாம்.

“நான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகமுன் துடைக்கிறன்,” என்றான். “நீர் பயந்திடுவீரெண்டு சொல்லேல்லை.”

“எனக்குத் தெரியும், றஜி. நான்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்.”

அவன் அவளுக்கு எதிரே சுவரில் சாய்ந்து நிலத்திலேயே இருந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மேல்வாசல், முயல் கிண்ணம், ரயில், கயிறு. லின்னின் செய்தியைப் போட்டுக் காட்டினாள். தான் எழுதிய பதிலையும் காட்டினாள். அவன் கைபேசியை வாங்கிப் பார்த்தான்.

“பொய் சொல்லியிருக்கிறீர்.”

“ஓம்.”

“ஏனப்பா?”

“எல்லாருக்கும் பிள்ளையளைத் திருப்பிக் குடுத்துக் குடுத்துக் களைச்சுப் போனன். ஒண்டு எனக்கு இருக்கட்டுமெண்டு நினைச்சிட்டன்.”

கதவு தட்டுப்பட்டது. இருவரும் அதைப் பார்க்கவில்லை.

“ஆசுப்பத்திரியில எங்கட பிள்ளையைத் துணியில சுத்தி நேர்ஸ் கொண்டுபோகேக்க நீர் மயக்கத்தில,” என்றான் றஜிந்தன். “நான் அவவுக்குப் பின்னால போனனான். கொரிடோர் முடியுமட்டும் போனன். அதுக்கங்கால ஒரு கதவு. உள்ளுக்கு விடேல்லை. நான் எவ்வளவு நேரம் அதில நிண்டனெண்டு எனக்கே தெரியாது. பேந்து ஒரு கிழவர், கூட்டித் துடைக்கிறவர், வந்து என்னைக் கதிரையில இருத்தினார்.” அவன் துணியைக் கையில் சுருட்டினான். “அந்தப் பொம்பிளையும் ஒரு கதவடியில நிக்கிறா, அனோ.”

அவள் அழுதாள். நாலு வருடத்தில் அவன் முன்னால் அவள் சத்தம்போட்டு அழுதது அன்றுதான். அவன் நகர்ந்து வந்து பக்கத்தில் இருந்தான்.

“நான் அவனுக்கு ஒரு பேர் வைச்சனான்,” என்றான். “ஆரோன்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீர் அழுவீரெண்டு.”

“நான் அழுதுகொண்டுதானே இருந்தனான்.”

அவன் துணியைக் கீழே வைத்தான். “ஆரோன்,” என்று அவள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அவனும் சொன்னான். கதவு தட்டுப்படுவது ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது.

“நானும் வரட்டோ?” என்று கேட்டான், அவள் சோங்சிங்குக்குப் பயணச்சீட்டு எடுத்தபோது.

“வேண்டாம். நான் கூட்டிக்கொண்டு வந்த பிள்ளை. நானே கொண்டுபோய் விடுறன்.”

பயணச்சீட்டு எடுத்த நாளிலிருந்து கதவு தட்டுப்படவில்லை. விமானத்தில் விரலில் பிடி இருந்தது, இறுக்கமாக இல்லை. அது இருப்பதே சில வேளை தெரியவில்லை. அந்த நீண்ட தூரம் முழுவதும் அவள் தூங்கவில்லை. ஒரு தடவை மட்டும் குனிந்து, “மன்னிச்சுக்கொள் பிள்ளை,” என்றாள்.

சோங்சிங்கில் மூடுபனி அப்படியே இருந்தது. காரை மேல்தெருவின் முனையிலேயே நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்தாள். கட்டடம் ஒரு நிழலாகத் தெரிந்தது. இரும்புக் கதவு தெரிந்தது. கதவடியில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி. அதில் குடையை விரித்துப் பிடித்தபடி லின் இருந்தாள். மெலிந்துபோயிருந்தாள். வேலைக்குப் போகும் உடுப்பில் இல்லை. பல நாளாக அங்கேயே காத்திருக்கிறாள் என்பது அவள் இருந்த விதத்தில் தெரிந்தது.

அனோஜினி நின்றாள். சொல்ல வேண்டியதையெல்லாம் கைபேசியில் எழுதி ஆயத்தமாக வைத்திருந்தாள். எடுக்கக் கை வரவில்லை.

பிடி விட்டது.

ஈரக் கல்லில் வெறுங்கால்கள் ஓடும் சத்தம் கேட்டது. சப், சப், சப். மிக வேகமாக.

லின்னின் குடை கீழே விழுந்து உருண்டது. அவள் முக்காலியிலிருந்து முழங்காலில் சரிந்து இரண்டு கைகளையும் விரித்தாள். அந்தக் கைகள் வெறுமையான காற்றை வளைத்து மூடி, அங்கேயே நின்றன. எதையோ சுற்றிப் பிடித்த அளவில், ஒரு ஐந்து வயதுப் பிள்ளையின் முதுகின் அளவில், அதற்குமேல் மூடாமல் நின்றன. லின்னின் வாயிலிருந்து வந்த சத்தத்துக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

வெகுநேரத்துக்குப் பிறகு லின் எழுந்தாள். ஒரு கையைத் தாழ்த்திப் பிடித்தபடியே அனோஜினியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. வேறொன்றும் இருந்தது; அதை அனோஜினி தன் கணவனின் முகத்தில், கதவடியில், துடைக்கும் துணியுடன் கண்டிருந்தாள்.  லின் திரும்பி உள்ளே போனாள். இரும்புக் கதவு சாத்திக்கொண்டது.

அனோஜினி குடையை எடுத்து மடித்து முக்காலியின் மேல் வைத்துவிட்டு, வந்த தெருவால் திரும்பி நடந்தாள். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் செய்தி வந்தது. இரண்டே சொற்கள்.

“அவள் சாப்பிட்டாள்.”

பனி உருகியது. கார்டெரியில் பனிச்சட்டைகளைக் கழுவி மூட்டைகட்டி வைத்தார்கள். கயிற்றின் வளையங்களெல்லாம் ஒழுங்காகத் தொங்கின. வீட்டில் முன்கதவு தட்டுப்படவில்லை, தரை காய்ந்திருந்தது. லின் இடைக்கிடை ஒரு வரி எழுதினாள். யூயூ தூங்குகிறாள். யூயூ பிடிவாதம் பிடிக்கிறாள். அனோஜினியும் றஜிந்தனும் முன்னைவிட அதிகமாகக் கதைத்தார்கள். இரவுச் சாப்பாட்டின்போது மகனின் பெயரைச் சொன்னார்கள். முதலில் கஷ்டமாக இருந்தது. பிறகு பழகிப்போயிற்று. “ஆரோனுக்கு இந்தக் கறி பிடிச்சிருக்கும்,” என்பான் அவன். “உங்களைப் போல உறைப்புத் திண்டிருப்பான்,” என்பாள் அவள். அவ்வளவுதான். அதற்குமேல் எதையும் அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

ஜூன் முடியும் ஒரு சனிக்கிழமை ஜான்-டலோன் சந்தைக்குப் போனார்கள். நல்ல வெயில். றஜிந்தன் காரை நிறுத்த இடம் தேடிப் போனான். அவள் தனியே இறங்கிச் சனத்துக்குள் நடந்தாள். உள்ளூர் ஸ்ட்ரோபெரிப் பழங்கள் வந்திருந்தன. கடைகளெல்லாம் சிவப்பாக இருந்தன. வாயில் நீர் ஊறவைக்கும் மணம். வயலிலிருந்து நேரே வந்தவள் போல முகம் கறுத்த, மண்படிந்த நகங்களுள்ள ஒரு கிழவி கடை போட்டிருந்தாள். “பொன்ஜூர்,” என்று சொல்லி, பெட்டியிலிருந்து நல்ல பழமொன்றைப் பொறுக்கி அனோஜினியிடம் நீட்டினாள்.

“ருசி பார், இது உனக்கு,” என்றாள் பிரெஞ்சில்.

பழம் இனித்தது. அனோஜினி தலையாட்டினாள்.

கிழவி இன்னொன்றைப் பொறுக்கினாள். இதைவிடச் சின்னது. கடைப்பலகைக்கு மேலால் எட்டிக் குனிந்து, அனோஜினியின் இடுப்புக்குச் சற்றுக் கீழே, இடப்பக்கம் யாருமில்லாத இடத்தில் நீட்டினாள். நீட்டியபடியே சிரித்தாள். அவள் கீழே பார்த்துக்கொண்டிருந்தது ஒரு முகத்தை.

“இது இந்தச் சின்னவனுக்கு.”

சின்னவன் என்றுதான் சொன்னாள். ‘லெ பெத்தி’. பெண்பிள்ளை என்றால் வேறு விதமாகச் சொல்லியிருப்பாள். அனோஜினி பிரெஞ்சிலேயே வேலை செய்பவள். அவளுக்குத் தவறாகக் கேட்க வழியில்லை.

“என்ன வயது?” என்று கேட்டாள் கிழவி. “நாலு? உன்ர கண்தான் அவனுக்கும்.”

அனோஜினி அசையவில்லை.  சுற்றிவரச் சனம் பைகளுடன் இடித்துக்கொண்டு போயிற்று. குனிந்து பார்த்தால் என்ன காண்பாள், என்ன காணமாட்டாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. கிழவி நிமிர்ந்து, வெறுங்கையை மேலங்கியில் துடைத்துவிட்டு, அடுத்து வந்தவரிடம் திரும்பினாள்.

வெயில் விழுந்த சீமெந்துத் தரையில், அனோஜினியின் காலுக்குப் பக்கத்தில், பழம் கடித்தெடுத்த ஒரு பச்சைக் காம்பு வந்து விழுந்தது.